40 மீட்டரில் இரைச்சல்: சோக்கை எங்கே போடுவது?

நண்பர்களே, வணக்கம். அமெச்சூர் ரேடியோவில், கையடக்க விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) செட்டில் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசிக்கொண்டிருந்த நான், இப்போது எச்எஃப் (தொலைதூரம் எட்டும் சிற்றலை) பக்கம் வந்திருக்கிறேன். மோர்ஸும் மெல்லப் பழகி வருகிறது. குரலைவிட அதுதான் பிடித்துப்போயிற்று.

7 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது 40 மீட்டர் அலைவரிசைக்கு, அரை அலை டைபோல் (நடுவில் கேபிள் சேரும் கம்பி ஆண்டெனா), மொத்தம் சுமார் 20 மீட்டர் கம்பி. எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.5-க்குள் இருக்கிறது, அதில் குறையில்லை. சிக்கல் இரைச்சல்தான். பொழுது சாய்ந்து, பகலில் சிக்னலை விழுங்கும் வானத்து டி அடுக்கு மறைந்து, தொலைதூர நிலையங்கள் எட்டத் தொடங்கும் நேரத்தில் எஸ்-மீட்டர் (சிக்னல் வலிமை காட்டும் அளவி) 7-இல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வீட்டு மெயின் சுவிட்சை அணைத்து, செட்டை பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன்: 3-க்கு இறங்கியது. ஆக, திருடன் வீட்டுக்குள்தான். எல்இடி விளக்கா, சார்ஜரா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறேன் (வீட்டில் முணுமுணுப்பு தனி).

கேட்க வந்தது இதுதான். கோஆக்ஸின் (ஆண்டெனா கேபிளின்) வெளிப்பின்னல் வழியாகவும் இரைச்சல் ஏறுகிறதோ என்று சந்தேகம். ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் கேபிளைச் சுற்றி, அந்த இரைச்சலைத் தடுக்கும் சோக் போடலாம் என்றிருக்கிறேன். ஆண்டெனாவின் நடுவில், கேபிள் சேரும் இடத்தில் ஒன்று போதுமா, வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் வேண்டுமா? இந்த அலைவரிசைக்கு 31 வகை ஃபெரைட்டா, 43-ஆ (கலவை எண்கள்)? எத்தனை சுற்று? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அளந்த கணக்கு இருந்தால் இன்னும் நல்லது.

73 (ரேடியோக்காரர்களின் வாழ்த்து).