அறுபது வயது நிபந்தனை: ஆதரவா, கட்டுப்பாடா?

கல்மேடு:
புதிய ஏற்பாட்டில் சபை ஒழுங்கு பற்றிப் பேசும் கடிதமான 1 தீமோத்தேயு, 5ஆம் அதிகாரம் படித்தேன். சபை தாங்கும் விதவைகளின் பட்டியலில் ஒருத்தியைச் சேர்க்க வேண்டுமானால் அவள் அறுபது தாண்டியிருக்க வேண்டும், ஒரே புருஷனுக்கு மனைவியாக இருந்திருக்க வேண்டும், பரிசுத்தவான்களின் கால்களைக் கழுவியிருக்க வேண்டும்! ரோமப் பேரரசில் பெண்ணைப் பதின்வயதிலேயே தன்னைவிட மூத்தவனுக்குக் கட்டிவைத்தார்கள். இருபத்தைந்தில் கைக்குழந்தையோடு நிற்பவள் அறுபது வரை எதைத் தின்பாள்?

யோப்பா வாசி:
அதே அதிகாரத்திலேயே பதில் இருக்கிறது சகோ. பிள்ளை, பேரப்பிள்ளை இருந்தால் அவர்கள் பார்க்கட்டும் (வசனம் 4). இளையவள் மறுமணம் செய்யட்டும் (14). அப்போதுதான் யாருமற்ற உத்தம விதவைக்குச் சபையின் பணம் மிஞ்சும் (16). சபையிடம் என்ன கஜானாவா இருந்தது?

தமயந்தி:
அங்கேதான் சிக்கல். 14ஆம் வசனத்துக்குக் கீழ்ப்படிந்து மறுமணம் செய்கிறாள். இரண்டாம் கணவனும் இறந்துவிடுகிறான். அறுபதில் பட்டியலுக்கு வந்தால் 9ஆம் வசனம் ‘ஒரே புருஷன்’ என்று வாசலிலேயே நிறுத்துகிறது. சொன்னபடி கேட்டதற்குத் தண்டனையா? மறுமணம் செய்யச் சொன்னதிலும் புதுமை இல்லை. ரோமப் பேரரசர் அகஸ்துவின் சட்டங்கள் (கி.மு. 18, கி.பி. 9) ஐம்பதுக்குட்பட்ட விதவையை மறுமணத்துக்கு நெருக்கின, மறுத்தால் உயில் சொத்து பெறுவதில் தடை.

யோப்பா வாசி:
‘ஒரே புருஷன்’ என்பதைக் கணவனுக்கு உண்மையாக இருந்தவள் என்றும் வாசிக்கிறார்கள். அதை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். கி.பி. 150 வாக்கில் ரோமில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், ஞாயிறு காணிக்கை அநாதை, விதவை, நோயாளி, கைதி எல்லாருக்கும் போனது என்கிறார். வயது பற்றிப் பேச்சே இல்லை. 251இல் ரோம் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதத்தில் அங்கிருந்த மூப்பர்கள் (சபைக் குருக்கள்) 46 பேர். சபை தாங்கிய விதவைகளும் வறியவர்களும் 1500க்கும் மேல்.

கல்மேடு:
தாங்கினார்கள், மறுக்கவில்லை. என்ன விலைக்கு? அதே 3ஆம் நூற்றாண்டில் சிரியாவின் சபை ஒழுங்கு நூலான டிடஸ்காலியா விதவையைக் கடவுளின் பலிபீடம் என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்து என்ன? பலிபீடம் ஊர் சுற்றாது, அதனால் வீட்டிலேயே இரு; விசுவாசம் பற்றி யாராவது கேட்டால் மூப்பரிடம் அனுப்பு. சோறு போட்டு வாயைக் கட்டுகிறார்கள்.

தமயந்தி:
ஆரம்ப எருசலேம் சபையில் முறுமுறுத்தபோது காது கொடுத்தார்களே. அப்போஸ்தலர் 6இல் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள். அதைச் சரிசெய்யத் தெரிந்தெடுத்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள்.

கல்மேடு:
முறுமுறுத்தது அந்த விதவைகளா? அவர்கள் தரப்பு ஆட்கள். ஏழு பேரில் ஒரு பெண் உண்டா?

யோப்பா வாசி:
இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டியலும் உதவியும் ஒன்றல்ல. இருபது வயதாகாத கன்னிப்பெண்ணை விதவையர் வரிசையில், அதாவது பட்டியலில், சேர்த்த ஓர் ஆயரைப் பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கடிந்துகொள்கிறார்: உதவத்தான் வேண்டுமென்றால் வேறு வழியில் உதவியிருக்கலாமே என்று. வரிசைக்கு வெளியேயும் கை நீண்டது என்றுதானே அர்த்தம்?

தமயந்தி:
நீண்டது. ஆனால் அது அந்த ஆயரின் மனசைப் பொறுத்தது. பட்டியலில் இருப்பவள் கேட்டு வாங்கலாம். வெளியே நிற்பவள் காத்திருக்க வேண்டும். கல்மேடு கேட்ட இருபத்தைந்து வயதுக்காரி எந்தப் பக்கம்?