காணும் பொங்கல் பந்தியில் தயிர்சாதம் கேட்கும் பையன், யாராவது வழி சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை அம்மா:
காணும் பொங்கலுக்கு ராயபுரத்தில் மாமியார் வீட்டில் கூடுகிறோம், சின்னது பெரியது எல்லாம் சேர்த்து 18 பேர். என் பையனுக்கு 5 வயது. தயிர்சாதம், முறுகல் தோசை, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், தெளிந்த ரசம், இதைத் தாண்டி எதுவும் இறங்காது. போன வருடம் மாமியார் ஆசையாக வஞ்சிரத்தை முள் எடுத்து, சோற்றோடு உருட்டி வாயில் வைத்துவிட்டார். அவன் முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை, கன்னத்தில் அடக்கிக்கொண்டு கால் மணி நேரம் கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தான். மொத்தப் பந்தியும் சாப்பாட்டை விட்டுவிட்டு அவன் வாயைத்தான் பார்த்தது. நாத்தனார் "கடலுக்குப் பக்கத்துல பொறந்துட்டு மீன் தின்னாத புள்ளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றதும் சிரிப்பு வேறு. வீட்டுக்காரர் வழக்கம்போல "விடு, அம்மா ஆசையா தராங்க".

அத்தை கெட்டவர் இல்லை, விடியற்காலையில் காசிமேடு போய் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குகிறவர், அதனால்தான் அவருக்குத் தாங்கவில்லை. டப்பாவில் கட்டிக்கொண்டு போனால் "என் வீட்டுல சோறு இல்லையா" என்பார். போகாமலும் இருக்க முடியாது. சண்டை வராமல் எப்படிச் சமாளிப்பது?

காசிமேட்டுப் பேத்தி:
டப்பா வேண்டவே வேண்டாம்மா. சோறும் தயிரும் அந்த வீட்டில் இல்லாமலா போகும்? முந்தின நாளே போன் போட்டு, "அத்தை, குழம்பு கை படாம அவனுக்கு ஒரு கிண்ணம் சோறு நீங்களே எடுத்து வைங்க" என்று கேட்டுவிடுங்கள். அப்போது அது அவர் கையால் போட்ட சோறு, பேச்சு அங்கேயே முடிந்தது. அப்புறம், கிளம்பும்போது ஒரு தோசை ஊட்டிக் கூட்டிப் போங்கள். காணும் பொங்கலுக்கு எந்த வீட்டில் ஒரு மணிக்கு இலை போட்டிருக்கிறார்கள், மூன்று ஆகிவிடும், பசியில் அழுகிற பிள்ளையைத்தான் பிடிவாதக்காரன் என்பார்கள்.

மீன் பழக்கணும் என்றால் விசேஷ நாளில் பழக்காதீர்கள். உங்கள் பட்டியலைப் பாருங்கள், தோசை, வறுவல், அப்பளம் எல்லாமே மொறுமொறு. அவனுக்குக் குழைவுதான் ஆகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சங்கரா, காரப்பொடி பக்கம் போகாதீர்கள், முள். சுறாப்புட்டில் முள் இல்லை, ஆனால் உதிரியாக வாயில் ஒட்டும், இவனுக்குச் சரிப்படாது. நெத்திலியைத் தலை கிள்ளி, அரிசி மாவில் புரட்டி, அப்பளம் போல ஒடிகிற அளவுக்குப் பொரித்து, நீங்கள் தின்னுங்கள். அவன் பக்கம் தட்டைத் தள்ளக்கூட வேண்டாம்.

கொருக்குப்பேட்டை அப்பா:
ஆளுக்கொரு சமையல் என்றால் அது வீடா ஓட்டலா? நாங்கள் ஐந்து பிள்ளைகள். போட்டதைத் தின்னணும், இல்லாவிட்டால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கணும். பசி வந்தால் தன்னால் தின்பான். நீங்கள்தான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள்.

வியாசர்பாடி 34:
அண்ணே, அப்படி வளர்ந்தவன்தான் நான். எட்டு வயசு, தீபாவளி காலை, அத்தை வீட்டில் இட்லிக்குப் போட்டிக் குழம்பு, ஆட்டுக் குடல்தான். "தட்டைக் காலி பண்ணாத்தான் பட்டாசு" என்றார்கள். மாத்திரை மாதிரி ஒவ்வொரு துண்டையும் தண்ணீர் விட்டு முழுங்கினேன், ஏழாவது துண்டில் எல்லாம் திரும்பி வந்து புது பேண்ட் நாசம். இன்றைக்கும் போட்டி வேகிற வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன், என் பெண்டாட்டி சிரிக்கிறாள். அதே ஆள்தான் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடையில், அதோடு தருகிற மொறுமொறு பேஜோவை மட்டும் கடித்துக்கொண்டு நண்பர்களோடு நின்றேன். "ஏன் அத்தோ தின்னல" என்று ஒருத்தனும் கேட்கவில்லை. ஒரு வருடம் கழித்து நானே ஒரு தட்டு வாங்கினேன், இப்போது மாசத்துக்கு நாலு தடவை. தங்கச்சி, நாத்தனார் வாயை மூட முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெரம்பூர் நர்ஸ்:
2லிருந்து 6 வயது வரை புதுச் சாப்பாட்டைக் கண்டு பின்வாங்குவது சகஜம். ஒரே பதார்த்தம் பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட்ட பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள், நாம் மூன்றாவது தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். எடை ஏறாமல் நின்றாலோ, சாப்பிடுகிற நாலைந்தும் குறைந்துகொண்டே வந்தாலோ, பார்த்த மாத்திரத்தில் குமட்டினாலோ மட்டும் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள். அது பிடிவாதக் கணக்கில் வராது, ஏ.ஆர்.எஃப்.ஐ.டி., அதாவது சாப்பாட்டைத் தவிர்க்கிற கோளாறாக இருக்கலாம், 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்கிற மனநல மருத்துவக் கையேட்டில் அதற்குத் தனிப் பெயரே கொடுத்திருக்கிறார்கள்.

தண்டையார்பேட்டை அம்மா:
போய்விட்டு வந்துவிட்டோம். எடை சரியாகத்தான் இருக்கிறது நர்ஸ் அக்கா, நன்றி. போன் பண்ணினேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை, சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் "இவன் அப்பனும் ஏழு வயசு வரைக்கும் மீனைத் தொட்டதில்ல, ரசம் ஊத்தித்தான் வளத்தேன்" என்றார்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் சட்டென்று டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். எட்டு வருடக் கல்யாணத்தில் இதை ஒருத்தரும் சொன்னதில்லை.

அன்றைக்கு அத்தையே கிண்ணத்தில் தயிர்சாதம் கொண்டுவந்து வைத்தார். நாத்தனார் "இந்த வருஷமும் ஆரம்பிச்சாச்சா" என்றதும் அத்தை திரும்பாமலே "நீ உன் எலையப் பாத்துத் தின்னு" என்றார். பையன் மீனைச் சாப்பிட்டானா என்றால், இல்லை. என் இலையிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து, வால் நுனியைக் கடித்து, "உப்பு" என்று சொல்லிவிட்டு மீதியைப் பூனைக்குப் போட்டுவிட்டான்.

நாத்தனார் இன்னும் என்னிடம் பேசவில்லை. அதற்குத் தனித் திரி போடுகிறேன்.