தபால்தலை சேர்க்கப் போய்ச் சந்தித்த மனிதர்கள்

அப்பா ரயில்வே அஞ்சல் சேவையான ஆர்.எம்.எஸ்ஸில் இருந்தவர். ஓடுகிற ரயிலில் விடிய விடிய கடிதம் பிரிக்கும் வேலை. அதனால் எதைச் சேர்ப்பது என்ற குழப்பம் எனக்கு வரவில்லை. தபால் எதில் ஏறி, எப்படிப் போனது என்று சொல்லும் தபால்தலைகள் மட்டும் போதும் என்று முடிவு செய்துகொண்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்: உங்களுக்கு நெருக்கமான ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பலர் 'நூறு நாடுகள்' என்று விற்கும் பாக்கெட்டில்தான் தொடங்குகிறார்கள். அதில் அஜ்மான், ஃபுஜைரா என்று இன்றைய அரபு அமீரகத்துச் சிற்றரசுகளின் பெயரில் பெரிய பெரிய வண்ணப்படங்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை 1960, 70களில் சேகரிப்பவர்களிடம் விற்பதற்காகவே அச்சானவை. தபால் நிலைய முத்திரையைக்கூட அச்சிட்ட கையோடு குத்தி அனுப்பிவிடுவார்கள். ஒரு கடிதத்தையும் சுமக்காத தலையோடு எனக்கு ஒட்டுதல் வருவதில்லை.

கண்ணைத் திறந்துவிட்டவர் சென்னைக் கண்காட்சி ஒன்றில் சந்தித்த பெரியவர். 1937இல் வந்த ஆறாம் ஜார்ஜ் வரிசையை ஒரே பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். இரண்டணாவில் தபால் ஓட்டக்காரர், அடுத்து மாட்டுவண்டி, மூன்றணாவில் குதிரைவண்டி, மூன்றரையணாவில் ஒட்டகம், நாலணாவில் ரயில், அப்புறம் கப்பல், லாரி, பன்னிரண்டணாவில் விமானம். நான் ரயிலிலேயே நின்றுவிட்டதைப் பார்த்து, அப்பாவைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இடுக்கியை என் கையில் கொடுத்து, "விரல் படக்கூடாதும்மா, வியர்வை ஒட்டிக்கும்" என்றார். பிறகு அந்த நாலணாத் தலையைக் கறுப்புத் தட்டில் கவிழ்த்து இரண்டு சொட்டு பென்சின் விட்டார். வெறும் வெள்ளைத் தாளாகத் தெரிந்த முதுகில், தாளுக்குள்ளேயே பதிந்திருந்த நட்சத்திர நீரெழுத்து மெல்லத் தெளிந்து, ஈரம் காய்ந்ததும் மறைந்துபோனது. எல்லாத் தலைக்கும் இப்படிச் செய்யக் கூடாது, சில மைகள் கரைந்துவிடும் என்றும் எச்சரித்தார்.

அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் இருக்கும் அஞ்சல்தலைப் பிரிவுக்குப் போகச் சொன்னதும் அவர்தான். 200 ரூபாய் கட்டிக் கணக்குத் தொடங்கினேன். கணக்கில் பணம் இருக்கும்வரை புதிய வெளியீடுகள் வீட்டுக்கே வந்துவிடும். ஆனாலும் நேரில் போவது எனக்குப் பிடிக்கும். கவுண்டரில் இருந்த அம்மா தாளை முழுதாக விரித்து வைத்து, ஓரத்துளைகளுக்கு நடுவாகப் படம் விழுந்திருக்கிறதா, ஓரம் மடங்காமல் இருக்கிறதா என்று பார்த்து எடுக்கப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்.

1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து யமுனைக்கு அக்கரையில் இருக்கும் நைனிக்கு ஹென்றி பெக்கே சுமார் 6,500 கடிதங்களை விமானத்தில் கொண்டுபோனார். அதன் பொன்விழாவுக்கு 1961இல் வந்த மூன்று தலைகளையும் அந்தப் பெரியவரோடு மாற்றிக்கொண்டேதான் சேர்த்தேன். அப்பா அவற்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஆறாயிரத்தையும் பிரிச்சது யாரு?" என்று கேட்டார்.

*

நான் தென்காசிப் பக்கம் பள்ளி ஆசிரியர். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அஞ்சல் துறையின் 'ஸ்பர்ஷ்' உதவித்தொகை இருக்கிறது, ஆண்டுக்கு 6,000 ரூபாய். தேர்வு உண்டு; பள்ளியில் தபால்தலை மன்றம் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாணவர் பெயரில் மேலே சொன்ன கணக்கு இருக்க வேண்டும். அதற்காகத்தான் மன்றம் தொடங்கினோம்.

ஒரு மாணவி பழைய உறைகளை ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கொண்டுவந்தாள். "சார், இதில் நாட்டின் பெயரே இல்லையே?" என்று ஒன்றைக் காட்டினாள். ராணியின் தலை மட்டும் இருந்தது. 1840இல் முதன்முதலில் தபால்தலை வெளியிட்ட நாடு பிரிட்டன், அதனால் இன்றுவரை பெயர் போடுவதில்லை என்று சொன்னதும், வகுப்பில் அடுத்த ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. நான் தயாரித்த எந்தப் பாடமும் இப்படி எடுபட்டதில்லை.

உறையிலிருந்து பிரிக்கும் வேலையை அவர்களே செய்கிறார்கள். சுற்றிலும் கொஞ்சம் காகிதம் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் கோந்து இளகித் தானாகக் கழன்றுவிடும். பிய்த்து இழுக்கவே கூடாது. சிவப்பு, பச்சை உறைகளைத் தனிக் கிண்ணத்தில் போட வேண்டும், சாயம் இறங்கும். ஸ்டிக்கர் போல ஒட்டும் இந்தக் காலத்துத் தலைகள் பெரும்பாலும் தண்ணீருக்கு மசியாது. அவற்றைக் காகிதத்தோடு விட்டுவிடுகிறோம். மழைக்காலத்தில் ஆல்பத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஈரத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டால் புதுத் தலையின் கோந்து போச்சு.

*

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேணும்: பழைய உறை என்றால் தண்ணீரில் போடுமுன் ஒருவரிடம் காட்டுங்கள்.

எங்கள் அம்மம்மாவின் தகப்பனார் மலாயா ரயில்வேயில் வேலை செய்தவர். அலுமாரியில் அவருடைய கடிதங்கள் கட்டுக்கட்டாக இருந்தன, பாயும் புலி போட்ட மலாய் முத்திரைகளோடு (தபால்தலையை நாங்கள் முத்திரை என்றுதான் சொல்வோம்). நான் கத்தரிக்கோலோடு இருந்த நேரம் அயல்வீட்டு மாமா ஒருவர் வந்தார், ஓய்வுபெற்ற தபால் அதிபர். "தம்பி, வெட்டாதை. இந்த வட்டத்தை வாசி" என்றார். மலாயாவின் ஈப்போவில் விழுந்த தபால்கந்தோர் முத்திரைக்குறி முன்பக்கம், யாழ்ப்பாணத்தில் விழுந்தது பின்பக்கம். இரண்டு திகதிகளையும் கழித்துப் பார்த்தால் கடிதம் கடல் தாண்டி வர எத்தனை நாள் எடுத்தது என்று தெரியும். வெட்டியிருந்தால் புலி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதைக் கேட்டபின் அம்மம்மா ஒவ்வொரு உறையாக எடுத்து, அது எந்தச் சம்பவத்துக்கு வந்த கடிதம் என்று சொல்லத் தொடங்கினா. நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

இப்ப அந்த உறைகளை முழுதாகவே வைத்திருக்கிறேன். பேராக், சிலாங்கூர் முத்திரைகள் உறையோடு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கோ. என்னிடம் பழைய சிலோன் முத்திரைகள் இரட்டைப்படியாக இருக்கு, மாற்றிக்கொள்ளலாம்.