புதுப்பிப்பு: ‘சிறிய வீடு’ ஒருவழியாகக் கொரிய மொழியில் வந்துவிட்டது

போன வாரம் ‘சிறிய வீடு’ என்பதைக் கொரிய மொழியில் ‘ஜக்தா ஜிப்’ என்று எழுதிவிட்டு, அதில் எங்கே பிழை என்று கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. கொரியப் பெயரடை வினைச்சொல்போல வடிவம் மாறும்; ‘ஜக்தா’ வெறும் அகராதி வடிவம். பெயருக்கு முன்னால் ‘ஜகுன் ஜிப்’. வாக்கியத்தை முடிக்க ‘ஜிபி ஜகாயோ’, அதாவது வீடு சிறியது.

அட, இது நம் குறிப்புவினை (‘பெரிது’, ‘நல்லன்’ போல, காலத்தை வெளிப்படையாகக் காட்டாமல் பண்பைச் சொல்லும் வினை) அல்லவா! பள்ளியில் அந்தப் பாடத்தின்போது தூங்காமல் இருந்திருக்கலாம். ஒரு வேறுபாடு, இங்கே காலமும் ஒட்டிக்கொள்கிறது: ‘ஜகாஸ்ஸொயோ’ என்றால் சிறியதாக இருந்தது.

பெயருக்கு முன்னால் வரும்போது, ‘தா’ நீங்கிய அடிச்சொல் மெய்யில் முடிந்தால் ‘உன்’ சேரும், உயிரில் முடிந்தால் ‘ன்’ மட்டும். ஆனால் குளிரைக் குறிக்கும் ‘சுப்தா’ தன் பகர மெய்யை விழுங்கிவிட்டு ‘சுஉன்’ ஆகிவிடுகிறது. சுவையைச் சொல்லும் ‘மஷித்தா’வோ ‘மஷின்னுன்’ ஆகிறது. அதில்தான் இன்னமும் தினமும் இடறுகிறேன்.