மின்சாரத்தால் தெளியும் கண்ணாடி: மாதச் செலவும் ஆயுளும்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
என் மகளின் பல் மருத்துவ மனையில், சிகிச்சை அறைக்கும் காத்திருப்போர் கூடத்துக்கும் இடையே 4 சதுர மீட்டர் அளவில், சுவிட்சைத் தட்டினால் தெளிந்தும் மங்கியும் மாறும் கண்ணாடி வைக்க எண்ணுகிறோம். மின்கட்டணம் எவ்வளவு கூடும், போட்ட பணத்துக்கு அது நெடுநாள் ஈடுகொடுக்குமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (பொள்ளாச்சி, மின்பணியாளர்):
ஐயா, கட்டணம் ஒரு பொருட்டே அல்ல. உள்ளிருக்கும் திரவப் படிகப் படலம் தெளிவாக இருக்கும்போது மட்டுமே மின்சாரம் எடுக்கும். சதுர மீட்டருக்கு 5 வாட் என்று வைத்தால் மொத்தம் 20 வாட். நாள்தோறும் 10 மணி நேரம் தெளிவாக வைத்தாலும் மாதம் 6 யூனிட்தான். மின்வெட்டில் கண்ணாடி தானாக மங்கிவிடுவதால் நோயாளியின் மறைவும் குலையாது.

பதில் (செங்கோட்டை, கண்ணாடி வேலை):
நான் அஞ்சுவது ஈரத்தைத்தான். உங்கள் பக்கத்து இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில், விளிம்பைச் சரியாக அடைக்காவிட்டால் ஈரம் புகுந்து ஓரங்கள் வெளுத்துவிடும். அதைச் செப்பனிட வழியில்லை, முழுக் கண்ணாடிப் பலகையையும் மாற்ற வேண்டியதுதான். ஆகவே, பழைய கண்ணாடியின் மேல் ஒட்டும் ஃபிலிமைவிட, இரு கண்ணாடிகளுக்கு நடுவே படலத்தை வைத்து அழுத்திய வகை விலை கூடினாலும் மேலானது. மருத்துவ மனையில் அடிக்கடி துடைக்க வேண்டியிருப்பதற்கும் அதுவே தாங்கும். புளித்த வாடை வீசும் சிலிகோன் பசையை விளிம்பில் தொடவே விடாதீர்கள். கண்ணாடிக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மரைக் கழற்றி மாற்ற எட்டும் இடத்தில் வையுங்கள்.

பதில் (நகரி):
கட்டிடம் வாடகையா என்பதையும் பாருங்கள், உங்கள் மகளிடம் கேளுங்கள். அளவெடுத்துச் செய்த பலகையை வேறிடத்துக்காக வெட்டிச் சிறிதாக்க முடியாது. வாடகை இடமெனில், சாதாரண மங்கல் கண்ணாடியே போதும் என்பது என் கருத்து.