ரியாக்டா, வியூவா? முதலில் ஐயாவின் போனை வாங்கிப் பாருங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

வெப் அப் செய்ய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் (ஃபிரேம்வொர்க் என்பார்கள்) ரியாக்ட் படிக்கவா வியூ படிக்கவா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆளாளுக்கு ஒன்று சொல்லிவிட்டீர்கள், நான் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் ஒரு கமக்காரர் அமைப்புக்கு நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து ஒரு வெப் அப் செய்து கொடுத்தோம். யாருக்கு எத்தனை ஏக்கர், சிறுபோகத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு, எந்த வாய்க்காலில் எந்த நாள் யாருடைய முறை, பசளைக்குப் பெயர் கொடுத்தவர்கள் யார், இவ்வளவுதான். இரண்டு பேரும் வேலையில் தினமும் எழுதுவது ரியாக்ட், அதனால் வேறெதையும் யோசிக்கவே இல்லை. ரியாக்ட், அதற்கு மேல் பட்டன், படிவம் எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு பெரிய கொம்போனன்ட் லைப்ரரி, திகதிக்கு மொமென்ட் என்ற லைப்ரரி, ஒரு சார்ட் லைப்ரரி. டவுனில் ஃபைபர் இணைப்பில், லப்டொப்பில், தொட்டவுடன் திறந்தது.

காட்டப் போன அன்று அமைப்பின் செயலாளர் ஐயா தன்னுடைய போனிலேயே பார்க்கிறேன் என்றார். ஓரம் வெடித்து டேப் ஒட்டிய போன், உள்ளே இடமில்லை என்ற அறிவித்தல் எப்போதும் மேலே கிடக்கும். வாய்க்கால் கட்டில் நிற்கிறோம், சிக்னல் ஒரு கோடு வருகிறது, போகிறது. லிங்கைத் தொட்டார். வெள்ளைத் திரை. பெருவிரலால் திரையைத் துடைத்துவிட்டுத் திரும்பத் தொட்டார், திரும்பவும் வெள்ளை. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே நின்றேன், இருபதைத் தாண்டியும் ஒன்றும் வரவில்லை. பிறகு அவர் சேர்ட் பொக்கெற்றிலிருந்து மடித்த கொப்பி ஒன்றை எடுத்து, "பரவாயில்லைத் தம்பி, இதில எல்லாம் கிடக்கு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். உண்மையிலேயே எல்லாம் அதில் இருந்தது.

அன்றிரவு உட்கார்ந்து பார்த்தோம். சேர்வர் அனுப்பிய எச்டிஎம்எல்லில் டிவ் என்ற ஒரு வெற்றுப் பெட்டி மட்டும்தான். ஜாவாஸ்கிரிப்ட் முழுவதும் இறங்கி, போன் அதை ஓட்டி முடித்த பிறகுதான் முதல் எழுத்தே தெரியும். இதில் ரியாக்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, 18ஆம் பதிப்பு, உலாவியில் காட்டும் அதன் துணைப் பகுதியான ரியாக்ட்-டொமோடு சேர்த்தே சுருக்கி அனுப்பினால் நாற்பது கிலோபைட்டுக்குக் கொஞ்சம் மேல்தான். மிச்சப் பாரம் நாங்கள் ஏற்றியது. மொமென்ட் தன் எல்லா மொழிக் கோப்புகளோடும் வந்து உட்கார்ந்திருந்தது, அது ரியாக்டை விடப் பெரிது. புதிய வேலைகளுக்கு இதை எடுக்க வேண்டாம் என்று அதை உருவாக்கியவர்களே 2020இல் எழுதிவிட்டார்கள், நாங்கள்தான் வாசிக்கவில்லை. இன்னொன்று, நூறு கிலோபைட் படமும் நூறு கிலோபைட் ஸ்கிரிப்டும் ஒன்றல்ல. படம் இறங்கிவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. ஸ்கிரிப்டை போன் வாசித்து, தொகுத்து, ஓட்ட வேண்டும். சிக்னல் நன்றாக இருந்தாலும் மலிவான போன் அங்கேதான் திணறும்.

பிறகு அட்டவணையை சேர்வரிலேயே எச்டிஎம்எல்லாக உருவாக்கி அனுப்பினோம். தேடல் பெட்டிக்கும் திறந்து மூடும் பட்டியலுக்கும் மட்டும் அல்பைன் என்ற சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. சார்ட்டை எடுத்துவிட்டோம், எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இப்போது ஸ்கிரிப்ட் வராமல் போனாலும் யாருடைய முறை என்பது தெரியும்.

வவுனியாவிலிருந்து:

அண்ணை சொன்னது சரி, ஆனால் என்னை அடித்தது வேறு. 2015இல் ஒருவர் ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க்கில் எழுதிய கடைக் கணக்கு ஒன்று என் கைக்கு வந்தது. எழுதியவர் கனடா போய்விட்டார். 2016இல் ஆங்குலர் 2 வந்தபோது பெயர் மட்டும்தான் பழையது, உள்ளே முழுவதும் புதிதாக எழுதியது, பழைய கோட் அப்படியே ஏறாது. பழையதற்கான ஆதரவும் 2021 டிசம்பரோடு முடிந்தது. இரண்டு மாதம் இரவிரவாக இருந்து வியூ 3க்கு மாற்றினேன்.

எனக்கு ஸ்வெல்ட் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்தான் பிடிக்கும். அது பில்ட் செய்யும்போதே, அதாவது உலாவிக்கு அனுப்ப முன்னரே, கோடைத் தொகுத்துவிடுவதால் உலாவிக்குப் போவது கொஞ்சம்தான். ஆனாலும் எடுக்கவில்லை. எங்கள் பக்கம் எழுதுகிறவர் நாளைக்குக் கொழும்பிலோ லண்டனிலோ இருப்பார், அதனால் வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இதைத் திறந்து திருத்தக்கூடிய இன்னொரு ஆள் உண்டா என்று விசாரித்துப் பார்த்தேன். வியூ தெரிந்தவர்கள் மூன்று பேர் கிடைத்தார்கள், ஸ்வெல்ட்டுக்கு ஒருவரும் இல்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து:

தமிழைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே. நான் எடுத்த கொம்போனன்ட் லைப்ரரியின் டெமோ பக்கம் பார்க்க அவ்வளவு வடிவு, எல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் படிவத்தில் "சமர்ப்பிக்கவும்" என்று போட்டதும் பட்டன் உயரத்துக்குள் எழுத்து அடங்கவில்லை, மேலே புள்ளிகள் வெட்டுப்பட்டு "சமரபபிககவும" என்று கிடந்தது. அதோடு ஆங்கிலத்துக்கென்று வைத்த எழுத்து இடைவெளி வேறு, சொல் இழுபட்டு நின்றது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த மூன்று நாள் போனது. இப்போதெல்லாம் ஒரு லைப்ரரியை எடுக்க முன் அதன் டெமோ பக்கத்தை உலாவியில் பக்கத்தை மாற்றிப் பார்க்க உதவும் டெவ்டூல்ஸில் திறந்து, பட்டனிலும் அட்டவணைத் தலைப்பிலும் "விண்ணப்பதாரரின் முழுப்பெயர்" மாதிரி நீளமான ஒன்றைத் தட்டிப் பார்ப்பேன். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தரவு யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருந்தால் அதை முதலில் யூனிகோடாக்குங்கள், அதற்கு எந்த ஃபிரேம்வொர்க்கும் உதவாது.

திரும்பவும் கிளிநொச்சியிலிருந்து:

தங்கச்சி, அந்தப் புள்ளிப் பிரச்சினை எங்களுக்கும் வந்தது, லைன் ஹைட்டை, அதாவது வரியின் உயரத்தை, கூட்டிச் சமாளித்தோம்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: வேலைக்கென்றால் ரியாக்ட் படியுங்கள், விளம்பரங்களில் அதிகம் கேட்பது அதைத்தான். ஆனால் அதற்கு முன் ஒரு மாதம் வெறும் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பட்டியலும் படிவமும் எழுதிப் பாருங்கள், ரியாக்ட் உங்களுக்காக என்ன செய்கிறது என்பது அப்போதுதான் விளங்கும். புதிய ரியாக்ட் வேலையைத் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் அப் என்ற கருவியில் தொடங்கச் சொல்லும் பழைய வீடியோக்களை விடுங்கள், 2025 பெப்ரவரியில் அதை நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பதிலாக வீற் (Vite) எடுங்கள். குரோமில் நெட்வேர்க்கை மெதுவாக்கிப் பார்க்கலாம்தான், நானும் பார்ப்பேன், ஆனாலும் வீட்டில் அம்மாவின் போனை வாங்கி வயல் கரையில் நின்று ஒருதரம் திறந்து பாருங்கள்.

ஐயா இன்னும் அந்தக் கொப்பியைக் கொண்டுதான் திரிகிறார். போன கிழமை காலை ஐந்தரைக்கு எனக்குக் கோல் எடுத்தார். "தம்பி, உங்கட பக்கத்தில மூன்றாம் வாய்க்கால் முறை ஒரு நாள் பிந்திக் கிடக்கு, மாத்திவிடும்" என்றார்.