தனி கராஜை வாடகை வீடாக்க முடியுமா? (சான் ஹோசே)

பின்கட்டு:
வீட்டுக்குப் பின்னால் தனியாக 20க்கு 20 அடியில் ஒரு கராஜ், 1950களில் கட்டியது. கார் உள்ளே போய் வருஷக்கணக்காகிறது, ஊர்ப் பெட்டிகளும் ஒரு பழைய மெத்தையும்தான் கிடக்கின்றன. சின்ன வீடாக்கி வாடகைக்கு விடலாமா என்று யோசனை. பின்சுவர் வேலியிலிருந்து இரண்டடிதான் தள்ளி இருக்கிறது, பெர்மிட்டே கிடைக்காது, பேசாமல் டிரைவால் (ஜிப்சம் பலகைச் சுவர்) அடித்து ஆளை வை என்கிறார் நண்பர். செய்தவர்கள் சொல்லுங்களேன்.

கொல்லைவாசி:
நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள். 2020 ஜனவரியிலிருந்து கலிபோர்னியா சட்டம் மாறிவிட்டது. இருக்கிற கட்டடத்தை அதே இடத்தில் அதே அளவில் மாற்றினால் வேலி தூரத்தைக் காட்டி மறுக்க முடியாது, போன பார்க்கிங்குக்குப் பதில் வேறு இடம் காட்டவும் வேண்டாம். முழு விண்ணப்பம் கொடுத்தால் 60 நாளில் நகராட்சி பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தப் பின்சுவர் ஒரு மணி நேரமாவது தீயைத் தாங்கும்படி இருக்க வேண்டும், அதில் ஜன்னலும் வைக்கக் கூடாது. படுக்கையறை ஜன்னலை வேறு பக்கம் திட்டமிடுங்கள், ஆபத்தென்றால் ஆள் வெளியேறுகிற அளவுக்கு அது பெரிதாக இருக்க வேண்டும்.

மண்வெட்டி:
பெர்மிட்டை விடுங்கள், பணத்தை விழுங்குவது தரைதான். கராஜ் தரை கதவுப் பக்கம் சரிந்திருக்கும், அந்தக் காலத்துத் தரையில் அடியில் ஈரம் தடுக்கும் ஷீட்டும் பெரும்பாலும் இருக்காது. அப்புறம் சாக்கடை. குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும், அதாவது 60 அடி ஓடினால் 15 அங்குலம் இறங்கும், மெயின் குழாய் அதைவிட மேலே இருந்தால் பம்ப் வைக்காமல் வழியில்லை. எங்கள் கான்ட்ராக்டர் இதைப் பார்க்காமலே கொட்டேஷன் கொடுத்துவிட்டு, பாதித் தரையை உடைத்த பிறகு வந்து தலையைச் சொறிந்தார். முதலில் பிளம்பரைக் கூப்பிட்டு சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பாருங்கள், வரைபடத்துக்குக் காசு கொடுப்பதெல்லாம் அதற்கப்புறம்.

கணக்குப்பிள்ளை:
சொத்து வரிக்குப் பயப்பட வேண்டாம், புதிதாகக் கூடிய மதிப்புக்கு மட்டும்தான் ஏறும், பழைய வீட்டை மறுபடி மதிப்பிட மாட்டார்கள். ஆனால் ஏர்பிஎன்பி மாதிரி நாள் வாடகைக் கனவு இருந்தால் விட்டுவிடுங்கள், இப்படி மாற்றிய வீட்டுக்கு 30 நாளுக்கு மேற்பட்ட வாடகைதான்.

பின்கட்டு:
நன்றி. சனிக்கிழமை பிளம்பர் வருகிறார். அதற்குள் மெத்தையை எங்கே தள்ளுவது என்றுதான் வீட்டில் பஞ்சாயத்து.